சின்ன நாய்க்குத் தடுப்பூசி: முகம் வீங்கினால் என்ன செய்வது?

உங்கள் வீட்டில் 3 கிலோ எடையுள்ள பொமரேனியன் வளர்கிறது. பக்கத்து வீட்டில் 30 கிலோ எடையுள்ள ஜெர்மன் ஷெப்பர்ட். இரண்டையும் ஒரே நாளில் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போகிறீர்கள். குடற்புழு மருந்தை அவர் எடை பார்த்துத்தான் கொடுப்பார். பொமரேனியனுக்குக் கொடுப்பதைப் போல 10 மடங்கு ஷெப்பர்டுக்குப் போகும். ஆனால் தடுப்பூசி என்று வரும்போது இரண்டுக்கும் ஒரே அளவுதான். ஒரு நாய்க்கு ஒரு குப்பி.

இதைப் பார்க்கும் எவருக்கும் சந்தேகம் வரும். "இவ்வளவு சின்ன உடம்புக்கு இது அதிகமில்லையா? பாதி போட்டால் போதாதா?" அதிலும் ஊசி போட்டு வீட்டுக்கு வந்த சில மணி நேரத்தில் நாயின் முகம் வீங்கிவிட்டால், "இனி ஊசியே வேண்டாம்" என்ற முடிவுக்கும் சிலர் வந்துவிடுகிறார்கள். பாதி ஊசியும் சரியான வழியல்ல, ஊசியை நிறுத்துவதும் சரியான வழியல்ல. எந்த அறிகுறிக்கு எவ்வளவு வேகமாகச் செயல்பட வேண்டும், அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதே நாயைக் காப்பாற்றும். இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

எடைக்கு ஏற்ப ஏன் குறைப்பதில்லை?

மாத்திரை வேலை செய்யும் விதம் வேறு, தடுப்பூசி வேலை செய்யும் விதம் வேறு. மாத்திரை இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவ வேண்டும். உடல் பெரிதானால் மருந்தும் அதிகம் வேண்டும். ஒரு குவளைத் தேநீருக்கு ஒரு கரண்டி சீனி என்றால், ஒரு பானைத் தேநீருக்கு அது போதாது அல்லவா? அதே கணக்குதான்.

தடுப்பூசி உடல் முழுவதும் பரவ வேண்டிய பொருளல்ல. ஊசி போட்ட இடத்தில், தோலுக்கு அடியில் இருக்கும் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் அந்தக் கிருமியின் அடையாளத்தை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. "இப்படி ஒருவன் வந்தால் அடையாளம் கண்டுகொள்ளுங்கள்" என்று அங்குள்ள மற்ற உயிரணுக்களுக்குப் பாடம் நடத்துகின்றன. பாடம் பதிவதற்கு ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும். அந்த அளவு நாயின் எடையைப் பொறுத்து மாறுவதில்லை.

டிஸ்டெம்பர், பார்வோ போன்ற நோய்களுக்கான தடுப்பூசிகளில் பெரும்பாலும் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ். அது உடலுக்குள் போனபின் தானே ஓரளவு பெருகுகிறது. குட்டிகளின் இரத்தத்தில் தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்பொருள் இருக்கும். அது அந்த வைரஸைப் பெருகவிடாமல் தடுக்கப் பார்க்கும். அளவையும் பாதியாகக் குறைத்துவிட்டால் குட்டிக்கு ஊசி போட்டதாகப் பெயர் இருக்கும், பாதுகாப்பு இருக்காது. அளவைக் குறைத்தால் ஒவ்வாமை வராது என்பதற்கும் உறுதி இல்லை. ஒவ்வாமை உள்ள உடலுக்கு ஒரு துளியே போதும்.

சின்ன நாய்க்கு ஆபத்து அதிகமா?

அதிகம்தான். ஆனால் எவ்வளவு அதிகம் என்பதை எண்களோடு பார்த்தால் பயம் அளவோடு நிற்கும்.

அமெரிக்காவில் 2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தடுப்பூசி போட்டுக்கொண்ட 12,26,159 நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2005இல் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. ஊசி போட்ட 3 நாள்களுக்குள் ஏதாவது பாதிப்பு என்று பதிவானவை 4,678. அதாவது 10,000 நாய்களில் ஏறக்குறைய 38. அவற்றில் பெரும்பாலானவை, 100க்கு 73 என்ற கணக்கில், ஊசி போட்ட அன்றே தெரிந்துவிட்டன.

அந்த ஆய்வு மூன்று விஷயங்களைத் தெளிவாகக் காட்டியது. முதலாவது, எடை குறையக் குறையப் பாதிப்பு விகிதம் கூடியது. இரண்டாவது, 2 முதல் 9 மாதக் குட்டிகளைவிட 1 முதல் 3 வயது நாய்களுக்குப் பாதிப்பு அதிகம் வந்தது. மூன்றாவதுதான் நமக்கு மிகவும் பயன்படுவது. ஒரே வருகையில் போடும் ஒவ்வொரு கூடுதல் தடுப்பூசிக்கும், 10 கிலோவும் அதற்குக் குறைவாகவும் உள்ள நாய்களில் ஆபத்து 27 விழுக்காடு கூடியது. 12 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களில் அது 12 விழுக்காடு மட்டுமே.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே நாளில் ஒரு தடுப்பூசிக்குப் பதிலாக 4 போட்டால், சின்ன நாய்க்கு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது. பெரிய நாய்க்கு ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை.

2023இல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு 46 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளைப் பார்த்தது. குறைந்த எடை, ஒரே நேரத்தில் பல ஊசிகள் என்ற அதே இரண்டு காரணங்களே அதிலும் வந்தன. இனத்துக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தது. பிரெஞ்சு புல்டாக், டாக்ஸ்ஹண்ட், போஸ்டன் டெரியர் ஆகியவை பட்டியலின் மேலே இருந்தன. ஆகவே எடை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பரம்பரையும் சேர்ந்தே வேலை செய்கிறது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நாயின் உடல் சண்டை போடுவது பல நேரங்களில் தடுப்பூசியில் உள்ள கிருமியோடு அல்ல. வைரஸை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும்போது கன்றுக்குட்டியின் இரத்த நீரைப் பயன்படுத்துவார்கள். அதிலுள்ள மாட்டுப் புரதத்தின் சிறு மிச்சம் ஊசி மருந்தில் இருக்கக்கூடும். தடுப்பூசிக்குப் பின் ஒவ்வாமை வந்த நாய்களின் இரத்தத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் சோதித்தபோது, பல நாய்களில் இந்தப் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ வகை எதிர்ப்பொருள் இருந்தது.

முதல் ஊசியின்போது உடல் அந்தப் புரதத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறது. ஐஜிஇ உருவாகி, தோலிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் உயிரணுக்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த ஊசியில் அதே புரதம் வரும்போது அந்த உயிரணுக்கள் வெடித்ததுபோல் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிகின்றன. முகம் வீங்குகிறது, தோல் தடிக்கிறது, அரிக்கிறது.

"போன தடவை ஒன்றும் ஆகவில்லையே!" என்று நாய் வளர்ப்போர் வியப்பதற்கு இதுதான் காரணம். போன தடவை ஒன்றும் ஆகாதது இந்தத் தடவைக்கான உத்தரவாதம் ஆகாது.

மூன்று நிலைகள்

ஊசிக்குப் பின் காணும் மாற்றங்களை மூன்றாகப் பிரித்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நிலை, வீட்டிலேயே கவனிக்கக்கூடியது. நாய் சோர்ந்து படுத்திருக்கும். உடல் கொஞ்சம் சுடும். சாப்பாட்டில் நாட்டம் குறையும். ஊசி போட்ட இடத்தைத் தொட்டால் வலியில் முனகும். மூக்கில் விடும் இருமல் தடுப்பு மருந்து என்றால் சில நாள் தும்மலாம். இது நோய் எதிர்ப்பு மண்டலம் வேலை செய்வதன் அடையாளம். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். அமைதியான இடமும் தண்ணீரும் போதும். ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டி தோன்றினால் அது சில வாரங்களில் கரைய வேண்டும். கரையாமல் இருந்தாலோ பெரிதானாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த நிலையிலும் சின்னஞ்சிறு குட்டிகளுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. 1 கிலோ எடையுள்ள சிவாவா குட்டியின் உடலில் சேமிப்பு என்று அதிகம் இல்லை. சோர்வில் சில வேளை சாப்பிடாமல் விட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். தள்ளாடினால், நடுங்கினால், கூப்பிட்டும் பார்க்காவிட்டால், ஈறில் சிறிதளவு தேனைத் தடவிவிட்டு உடனே கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். ஊசி போட்ட நாளில் குட்டிக்குச் சிறு சிறு அளவாக அடிக்கடி உணவு கொடுங்கள்.

இரண்டாம் நிலை, உடனே தொலைபேசியில் அழைத்து அன்றே காட்ட வேண்டியது. உதடு, மூக்கைச் சுற்றிய பகுதி, கண் இமை வீங்கும். உடலில் தடிப்புகள் எழும். ரோமம் அடர்ந்த நாயில் தடிப்பு கண்ணுக்குத் தெரியாது. கையால் தடவினால் மேடு மேடாகத் தட்டுப்படும். நாய் முகத்தைத் தரையில் தேய்க்கும், காலால் சொறியும். பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் இது தொடங்கும். மருத்துவர் ஒவ்வாமை மருந்தும், தேவைப்பட்டால் ஸ்டீராய்டும் போடுவார். பெரும்பாலான நாய்கள் தேறிவிடும். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு முகம் வீங்கினால் மூச்சுத் திணறலும் வரக்கூடும். அவற்றுக்கு ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

மூன்றாம் நிலை, எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டியது. இதை அனபிலாக்சிஸ் என்பார்கள். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சி இது. திரும்பத் திரும்ப வாந்தி, திடீர் வயிற்றுப்போக்கு, சில நேரங்களில் இரத்தத்தோடு. ஈறு வெளுக்கும். கால்கள் தளர்ந்து நாய் சரிந்து விழும். மூச்சு திணறும்.

இதில் பலரும் ஏமாந்துவிடும் இடம் ஒன்று உண்டு. மனிதருக்குக் கடும் ஒவ்வாமை வந்தால் தொண்டை அடைப்பதும் மூச்சு இரைப்பதும் முன்னே தெரியும். நாய்க்கு முதலில் அடிபடுவது கல்லீரலும் குடலும். கல்லீரலிலிருந்து இரத்தம் வெளியேறும் பாதை சுருங்கி, இரத்தம் அங்கேயே தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து இரத்த அழுத்தம் சரிகிறது. ஆகவே முகம் கொஞ்சமும் வீங்காமலேயே நாய் உயிருக்குப் போராடும் நிலைக்குப் போகலாம். "முகம் வீங்கவில்லை, வாந்திதானே, ஏதோ தின்றிருக்கும்" என்று காத்திருக்காதீர்கள்.

ஜப்பானில் 57,300 நாய்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில் 359 நாய்களுக்குப் பாதிப்பு வந்தது. அவற்றில் தோல் தொடர்பான அறிகுறி 244 நாய்களுக்கு, அனபிலாக்சிஸ் 41 நாய்களுக்கு. இறந்தது ஒன்று. அரிதுதான், ஆனால் வரும்போது வேகமாக வரும். வேகமாகச் செயல்பட்டால் பெரும்பாலும் மீட்டுவிடலாம் என்பதையும் அதே எண்கள் காட்டுகின்றன.

ஈறைப் பார்க்கப் பழகுங்கள்

வீட்டில் எந்தக் கருவியும் இல்லாமல் இரத்த ஓட்டத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நலமாக உள்ள நாயின் ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் ஒரு நொடி அழுத்திவிட்டு எடுங்கள். அந்த இடம் வெளுத்து, 2 நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஆனால், அல்லது ஈறு முதலிலேயே வெளுத்தோ சாம்பல் பூத்தோ இருந்தால், இரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று பொருள். சில நாய்களுக்கு ஈறு இயல்பிலேயே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

இதை இன்றே, நாய் நலமாக இருக்கும்போதே செய்து பாருங்கள். இயல்பான நிறம் எது என்று தெரிந்திருந்தால்தான் மாறிய நிறம் கண்ணில் படும்.

செய்யக் கூடாதவை

காய்ச்சல் என்று பனடோல் கொடுக்காதீர்கள். அதிலுள்ள பாரசிட்டமால் நாயின் கல்லீரலையும் இரத்தச் சிவப்பணுக்களையும் பாதிக்கும். நமக்கு அரை மாத்திரை என்பது 3 கிலோ நாய்க்குப் பெரிய அளவு. ஐபுபுரோஃபென் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும்.

அலமாரியில் இருக்கும் சளி, ஒவ்வாமை மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சிலவற்றில் மூக்கடைப்புக்கான மருந்தும் கலந்திருக்கும். அது நாயின் இதயத் துடிப்பை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்கள் நாயின் எடையை வைத்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒவ்வாமை மாத்திரை அனபிலாக்சிஸை நிறுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதை நிறுத்தும் மருந்து அட்ரினலின். அதோடு இரத்த நாளத்தில் திரவமும் ஆக்சிஜனும் வேண்டும். மூன்றும் கிளினிக்கில்தான் கிடைக்கும். சரிந்து விழுந்த நாயின் வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருவர் காரை ஓட்டட்டும், இன்னொருவர் கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லட்டும். நீங்கள் போய்ச் சேருவதற்குள் அவர்கள் மருந்தைத் தயாராக வைத்திருப்பார்கள்.

அடுத்த ஊசிக்கு முன்

ஒருமுறை எதிர்வினை வந்துவிட்டால் அதற்கான சான்றைச் சேர்த்து வையுங்கள். வீங்கிய முகத்தைப் படம் எடுங்கள். எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்கு வீக்கம் என்று எழுதுங்கள். தடுப்பூசி அட்டையில் ஒட்டியிருக்கும் சிறு வில்லையில் ஊசியின் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கும். அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேறு கிளினிக்குக்கு மாறினாலும் இந்த விவரம் உங்களோடு வரும்.

பிறகு மருத்துவரிடம் இவற்றைப் பேசுங்கள்.

ஊசிகளைப் பிரித்துப் போட முடியுமா என்று கேளுங்கள். ஒரு வருகைக்கு ஒன்று, அடுத்ததற்குக் குறைந்தது 2 வாரம் கழித்து. கட்டணமும் அலைச்சலும் கூடும். ஆனால் மேலே பார்த்த 27 விழுக்காட்டுக் கணக்கு சின்ன நாய்க்குச் சாதகமாக மாறும். பிரச்சினை வந்தால் எந்த ஊசியால் வந்தது என்றும் தெரிந்துவிடும்.

வேறு நிறுவனத் தயாரிப்பு உண்டா, ஊசிக்கு முன் ஒவ்வாமை மருந்து கொடுக்கலாமா என்று கேளுங்கள். முன்கூட்டியே கொடுக்கும் மருந்து வீக்கத்தைக் குறைக்கலாம், கடும் அதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். மாலை 6 மணிக்கு ஊசி போட்டால் வீக்கம் தொடங்கும் நேரத்தில் கிளினிக் பூட்டியிருக்கும். ஊசிக்குப் பின் அரை மணி நேரமாவது அங்கேயே உட்காருங்கள். முன்பு எதிர்வினை வந்த நாய் என்றால் இன்னும் சில மணி நேரம் அங்கேயே விட்டுவைக்க முடியுமா என்று கேளுங்கள். அன்று முழுவதும் யாராவது வீட்டில் இருக்கட்டும்.

எந்த ஊசி உண்மையில் தேவை என்பதையும் கேளுங்கள். டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ வைரஸ் மூன்றுக்கும் குட்டிப் பருவ ஊசிகளைச் சரியாக முடித்த நாய்க்கு ஒவ்வோர் ஆண்டும் ஊசி தேவையில்லை. 3 ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் அடிக்கடி வேண்டாம் என்பதே உலகச் சிறுவிலங்குக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை. இந்த மூன்றுக்கும் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இன்னும் இருக்கிறதா என்று பரிசோதித்துப் பார்க்கவும் முடியும். இருந்தால் ஊசியைத் தள்ளிப் போடலாம். ஆனால் எலிச் சிறுநீர் நோய்க்கு அப்படி இரத்தம் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதன் பாதுகாப்பு குறுகிய காலமே நிற்பதால் ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கும்.

ரேபிஸ் ஊசி போட்ட சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்த இடத்தில் ரோமம் கொட்டி வட்டமாக வழுக்கை விழுந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பூடல், யார்க்ஷயர் டெரியர் போன்ற சின்ன இனங்களில் இது காணப்படுகிறது. தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பாதிக்கப்படுவதால் வருவது. ஊசியால் வந்தது என்று பலர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

நிறுத்திவிட்டால் என்ன?

நாய்ப் பார்வோ வைரஸ் 1978இல் உலகுக்குத் தெரியவந்தது. ஓரிரு ஆண்டுகளில் உலகம் முழுவதும் பரவி எண்ணற்ற குட்டிகளைக் கொன்றது. இன்றும் சிகிச்சை கிடைக்காத குட்டிகளில் பெரும்பாலானவை இறந்துபோகின்றன. அந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். நாயை வெளியே விடுவதில்லை என்றாலும் உங்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும்.

எலிச் சிறுநீர் நோய் நம் நாட்டுக்குப் புதிதல்ல. வெள்ளம் வடிந்த பின் அது மனிதரையும் தாக்குகிறது. நாய்க்கு வந்தால் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஆபத்து. ரேபிஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2015இல் தீபகற்பத்தின் வட மாநிலங்களில் அது தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் பரவத் தொடங்கி மனித உயிர்களைப் பறித்தது. அறிகுறி தோன்றிய பின் அந்த நோயிலிருந்து பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

அனபிலாக்சிஸ் வந்த நாய்க்கு அதே ஊசியை மீண்டும் போடலாமா என்பது மருத்துவர் ஒவ்வொரு நாயாகப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. சில நாய்களுக்கு ஒரு குறிப்பிட்ட ஊசியைக் கைவிடத்தான் வேண்டியிருக்கும். ஆனால் முகம் வீங்கித் தேறிய நாய்கள் பலவும், திட்டத்தை மாற்றிக்கொண்டால், அடுத்த ஊசியைச் சிக்கலின்றித் தாண்டிவிடுகின்றன.

அடுத்த முறை கிளினிக் மேசையில் நாயை ஏற்றியதும், ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் மூன்று விவரங்களைச் சொல்லுங்கள்: இதன் எடை இவ்வளவு, போன முறை ஊசிக்குப் பின் இப்படி ஆனது, இத்தனை மணி நேரத்தில் ஆனது. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த நாளை எப்படித் திட்டமிடுவது என்பதை மருத்துவர் அதிலிருந்தே தொடங்குவார்.